குவாண்டிட்டி சர்வேயிங் மாணவர்களுக்கு நினைவு உதவித்தொகை: முதல் எவ்வளவு, யாருக்கு, எப்படி?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாழ்நாள் முழுக்கக் குவாண்டிட்டி சர்வேயராக (சுருக்கமாகக் கியூ.எஸ்., கட்டுமான வேலையின் அளவையும் செலவையும் கணக்கிடுபவர்) வேலை பார்த்து மறைந்த ஒருவரின் பெயரில், அவருடைய பிள்ளைகளும் கூட வேலை செய்த நண்பர்களும் சேர்ந்து ஓர் அறக்கட்டளை தொடங்க நினைக்கிறார்கள். அதே துறையில் படிக்கும் மாணவர்களுக்கு ஆண்டுதோறும் உதவித்தொகை கொடுப்பது நோக்கம். எவ்வளவு முதல் போட வேண்டும், யாரைத் தேர்ந்தெடுப்பது, பத்திரத்தில் எதை எழுதுவது, எதை எழுதாமல் விடுவது என்று கேட்டிருக்கிறார்கள்.

நல்ல எண்ணம். மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் உதவ நிறையப் பேர் இருக்கிறார்கள். கியூ.எஸ். படிக்கும் பிள்ளைக்கென்று யோசிப்பவர்கள் குறைவு. அதனாலேயே இதைச் சரியாகச் செய்ய வேண்டும் என்று எனக்கு ஆசை. நான் இந்தத் தொழிலில் இருப்பவன், உதவித்தொகைத் தேர்வுக் குழுக்களிலும் உட்கார்ந்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் முதலில் சொல்ல வேண்டியது இதுதான்: பத்திரம் எழுதுவதற்கு முன்னால், இந்தப் படிப்பில் பிள்ளைகள் எந்த இடத்தில் கழன்று விழுகிறார்கள் என்று பாருங்கள். உங்கள் பணம் போக வேண்டிய இடம் அதுதான்.

நான் பார்த்த நினைவு நிதிகளில் பல, முதலாண்டில் அதிக மதிப்பெண் எடுத்த மாணவருக்கு மேடையில் ஒரு காசோலையைக் கொடுப்பதோடு முடிந்துவிடுகின்றன. முதலாண்டுக் கட்டணத்தைக் குடும்பம் எப்பாடு பட்டாவது புரட்டிவிடும். நகையை அடகு வைப்பார்கள், சொந்தக்காரரிடம் கேட்பார்கள். சேர்க்கை நேரத்தில் எல்லோருக்கும் உற்சாகம் இருக்கும். இரண்டாம் ஆண்டு முடிந்து மூன்றாம் ஆண்டு தொடங்கும்போது அந்த உற்சாகமும் வற்றியிருக்கும், கடன் கொடுத்தவர் பொறுமையும் வற்றியிருக்கும். அப்போதுதான் தளப் பயிற்சி வரும். வேறு ஊருக்குப் போக வேண்டும், அங்கே தங்க வேண்டும். பயிற்சிக்காலச் சம்பளம் இருந்தாலும் வாடகைக்கே போய்விடும், சில இடங்களில் சம்பளமே கிடையாது. சாதாரண லேப்டாப்பில் பெரிய கட்டடத்தின் பிஐஎம் மாடலை, அதாவது முழுக் கட்டடத்தின் முப்பரிமாணக் கணினி மாதிரியைத் திறந்தால் திரை உறைந்து நிற்கும். அதற்கேற்ற கணினி இல்லாத பிள்ளை, ஆய்வகம் திறந்திருக்கும் நேரத்துக்குள் வேலையை முடிக்க ஓட வேண்டும்.

இரண்டாவது பள்ளம் பட்டம் வாங்கிய பிறகு வருகிறது. இதை வெளியிலிருந்து பார்ப்பவர்கள் கவனிப்பதே இல்லை. கியூ.எஸ். பட்டம் மட்டும் ஒருவரை முழுத் தொழிலராக ஆக்குவதில்லை. பிரிட்டனைத் தலைமையிடமாகக் கொண்ட ஆர்ஐசிஎஸ் என்ற சர்வேயர்கள் அமைப்பின் பட்டயத் (சார்ட்டர்ட்) தகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். புதிய பட்டதாரி எடுக்கும் வழக்கமான வழியில் குறைந்தது 24 மாதம் முறைப்படுத்தப்பட்ட பயிற்சி வேண்டும். தான் செய்த வேலையைப் பற்றி 3,000 சொல் அளவில் ஒரு கேஸ் ஸ்டடி எழுத வேண்டும். கடைசியில் ஒரு மணி நேர நேர்காணல். மலேசியாவில் 1967ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது, வாரியத்தில் பதிவு செய்யாமல் அந்தப் பெயரில் தொழில் நடத்த முடியாது. இப்படி நாட்டுக்கு நாடு வழி வேறுபடலாம். ஆனால் உறுப்பினர் சந்தா, தேர்வுக் கட்டணம், வழிகாட்டுபவரைத் தேடி அலைவது எல்லாம் எங்கும் உண்டு. சம்பளம் குறைவாக இருக்கும் அந்த இரண்டு மூன்று வருஷத்தில், வீட்டுக்கும் பணம் அனுப்பிக்கொண்டு, சந்தாவையும் கட்ட முடியாமல் "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று தகுதித் தேர்வைத் தள்ளிப்போட்டவர்கள் நிறைய. தள்ளிப்போட்டது பல பேருக்கு அப்படியே நின்றுவிடுகிறது. பத்து வருஷம் கழித்து, அவர்களைவிடக் குறைவாகத் தெரிந்தவர் பட்டயத் தகுதியோடு அவர்களுக்கு மேலதிகாரியாக வருவார்.

அதனால் என் யோசனை இது. உங்கள் நிதி இரண்டாம் ஆண்டு முடிவில் ஒரு மாணவரை எடுக்கட்டும். மீதிப் படிப்பு, தளப் பயிற்சி, பட்டத்துக்குப் பிறகு தொழில்தகுதி வரும்வரை உள்ள கட்டணங்கள், இவ்வளவையும் அந்த ஒரே ஆளுக்குத் தாங்கட்டும். பத்துப் பேருக்குச் சிறு தொகை பிரித்துக் கொடுப்பதைவிட இரண்டு பேரைக் கடைசிவரை கொண்டுபோய்ச் சேர்ப்பது மேல். பத்துப் பேரின் படம் ஆண்டறிக்கையில் அழகாக இருக்கும் என்பது உண்மைதான், ஆனால் அந்தத் தொகையால் யாருடைய நிலையும் மாறியிருக்காது.

சரி, பணத்துக்கு வருவோம். சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். கணக்கைச் சதவீதத்திலேயே போடுகிறேன், எந்த நாட்டுப் பணத்துக்கும் பொருந்தும்.

முதலுக்கு ஆண்டுக்கு 7 சதவீதம் வருகிறது, படிப்புச் செலவு ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறுகிறது என்று வையுங்கள். வரும் 7ஐயும் அப்படியே எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தால் வங்கிக் கணக்கில் முதல் குறையாமல் இருப்பது போலத் தெரியும். ஆனால் 14 வருஷத்தில் அதே உதவித்தொகை இன்று தாங்குவதில் பாதிச் செலவைத்தான் தாங்கும். மதிப்புக் குறையாமல் என்றென்றும் கொடுக்க வேண்டுமென்றால் எடுக்கக்கூடியது 2 சதவீதம் அளவுக்குத்தான். ஒரு மாணவரின் ஓராண்டுச் செலவை 1 என்று கொண்டால், ஒரே ஒரு மாணவரை நிரந்தரமாகத் தாங்குவதற்கு 50 வேண்டும். ஆண்டுக்கு ஒருவரைப் புதிதாக எடுத்து, ஒவ்வொருவரையும் நான்கு வருஷம் தாங்குவதாக இருந்தால், நான்காம் ஆண்டிலிருந்து ஒரே நேரத்தில் நான்கு பேர் உங்கள் கணக்கில் இருப்பார்கள். அப்போது 200 வேண்டும். இந்த இடத்தில்தான் பல நிதிகள் சறுக்குகின்றன. முதல் வருஷ வருமானம் முழுவதையும் முதல் மாணவருக்கே ஒதுக்கிவிட்டு, அடுத்த வருஷம் இரண்டாவது ஆளுக்குப் பணமில்லாமல் கையைப் பிசைகிறார்கள்.

நிரந்தரம் என்ற ஆசையை விட்டுவிட்டால் கணக்கே வேறு மாதிரி ஆகிவிடுகிறது. அதே 7க்கு 5 என்ற நிலையில், முதலையும் சேர்த்துச் செலவழித்து 20 வருஷத்தில் நிதியை முடித்துவிடுவது என்று வைத்தால், ஒரு மாணவரைத் தாங்க 16 சொச்சம் போதும். அதாவது 50 கையில் இருந்தால், காலகாலத்துக்கும் ஒருவரைத் தாங்குவதற்குப் பதிலாக 20 வருஷத்துக்கு மூன்று பேரைத் தாங்கலாம். மறைந்தவர் கியூ.எஸ். என்பதால் இந்தக் கணக்கு அவருக்கு நன்றாகவே புரிந்திருக்கும். ஒரு கட்டடத்தின் ஆயுள் முழுவதற்கான செலவை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து ஒப்பிடும் அதே முறைதான்.

குடும்பங்கள் பெரும்பாலும் "என்றென்றும்" என்ற சொல்லில் நிற்கிறார்கள். அந்த மனம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் நடுத்தர அளவு நிதிக்கு நான் 20, 25 வருஷத்தைத்தான் சொல்வேன். அவரோடு வேலை பார்த்தவர்கள், அவரை நேரில் அறிந்தவர்கள், விண்ணப்பங்களைப் படித்து மாணவரோடு பேசக்கூடியவர்கள் உயிரோடும் உற்சாகத்தோடும் இருக்கும் காலம் அது. அதற்குப் பிறகு நிதி இருக்கும், அதை யாருக்காக நடத்துகிறோம் என்று தெரிந்தவர்கள் இருக்க மாட்டார்கள். முதல் பெரியதாக இருந்தால், அல்லது ஒரு பல்கலைக்கழகம் பொறுப்பெடுக்க முன்வந்தால், நிரந்தர நிதியாக வைப்பதில் தவறில்லை.

நிரந்தரமாக வைப்பவர்களுக்கு நோபல் பரிசின் கதை நல்ல பாடம். ஆல்பிரட் நோபல் 1895இல் எழுதிய உயிலில், சொத்தைப் பாதுகாப்பான பத்திரங்களில் போட்டு அதன் வட்டியைப் பரிசாகக் கொடுக்கச் சொன்னார். நிலையான வட்டியை மட்டும் நம்பியதில், வரியும் பணவீக்கமும் சேர்ந்து பரிசின் உண்மை மதிப்பைப் பல பத்தாண்டுகளுக்கு அரித்தன. 1946இல் வரிவிலக்கு கிடைத்தது. 1953இல் பங்குகளிலும் முதலீடு செய்ய வழி திறந்தது. 1901இல் கொடுத்த பரிசின் மதிப்பை மறுபடி எட்டியது 1991இல்தான். அப்புறம் 2012இல், மூலநிதியைக் காப்பாற்றுவதற்காகப் பரிசுத் தொகையை ஒரு கோடி குரோனரிலிருந்து 80 லட்சமாகக் குறைத்தார்கள். அவ்வளவு பெரிய பெயர் இருந்தும் தயங்காமல் குறைத்தார்கள். உங்கள் பத்திரத்திலும் "தொகையைக் குறைக்கவும் ஒரு வருஷம் புதியவரை எடுக்காமல் விடவும் அறங்காவலர்களுக்கு உரிமை உண்டு" என்று ஒரு வரி இருக்கட்டும். ஆனால் ஏற்கெனவே எடுத்த மாணவருக்குச் சொன்ன தொகை குறையக் கூடாது. அதையும் அடுத்த வரியிலேயே எழுதிவிடுங்கள்.

எவ்வளவு எடுப்பது என்பதற்கு அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் ஒரு வழக்கம் உண்டு. ஒரே வருஷத்தின் மதிப்பைப் பார்க்காமல், சில வருஷங்களின் சராசரி மதிப்பில் 4 முதல் 5 சதவீதம் எடுப்பார்கள். சந்தை ஒரு வருஷம் விழுந்தாலும் மாணவர் தலையில் விழாது. சிறிய நிதிக்கும் இது நன்றாகவே ஒத்துவரும், சதவீதத்தை மட்டும் உங்கள் நாட்டுப் பணவீக்கத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இதோடு, ஓராண்டுக்குக் கொடுக்க வேண்டிய மொத்தத் தொகையைத் தனியாகக் கையிருப்பில் வைத்துவிட்டுத்தான் முதல் அறிவிப்பையே வெளியிட வேண்டும்.

தனி அறக்கட்டளை வேண்டுமா என்ற கேள்விக்கு நீளமாகப் பேச ஒன்றுமில்லை. தணிக்கை, ஆண்டுக் கணக்குத் தாக்கல், வரிப் பதிவு, வழக்கறிஞர் என்று வருஷா வருஷம் செலவு வரும். அந்தச் செலவு உங்கள் ஓராண்டு வழங்கலில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டும் என்று தெரிந்தால், தனி அமைப்பு வேண்டாம். பல்கலைக்கழகத்திலோ தொழிலமைப்பிலோ அவர் பெயரில் ஒரு நிதியாக வைத்துவிட்டு, தேர்வுக் குழுவில் குடும்பத்துக்கு ஓர் இடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி பத்திரத்தின் சொற்கள். நான் அதிகம் கவலைப்படுவது இதில்தான், ஏனென்றால் பணத்தில் வந்த பிழையைப் பிறகு சரிசெய்யலாம், நோக்கத்தை இறுக்கமாக எழுதிவிட்டால் அவிழ்ப்பது பெரும்பாடு. செசில் ரோட்ஸ் 1902இல் இறந்தபோது விட்டுப்போன உயில், ஆக்ஸ்போர்டு உதவித்தொகையை ஆண்களுக்கு மட்டும் என்று வைத்தது. பெண்களுக்கு அந்தக் கதவு திறக்க 1977 ஆனது, அதுவும் பிரிட்டனில் பாலினப் பாகுபாட்டுக்கு எதிராகச் சட்டம் வந்த பிறகுதான். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரில் 1851இல் இறந்த பிரையன் முலன்ஃபி, மேற்கே குடியேறப் போகும் வழியில் அந்த ஊருக்கு வந்து சேரும் ஏழைகளுக்கென்று சொத்தில் ஒரு பங்கை எழுதிவைத்தார். காலம் மாறி, மாட்டு வண்டி கட்டி மேற்கே போகிறவர்களே இல்லாமல் போனார்கள். பணம் இருந்தது, வாங்க ஆள் இல்லை. கடைசியில் நீதிமன்றம் தலையிட்டு நோக்கத்தை விரிக்க வேண்டியிருந்தது.

கியூ.எஸ். துறைக்கு இந்த ஆபத்து உண்மையிலேயே இருக்கிறது, ஏனென்றால் இந்தப் படிப்புக்கு உலகம் முழுக்க ஒரே பெயர் இல்லை. இலங்கையில் மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் கியூ.எஸ். என்றே தனிப் பட்டம் இருக்கிறது, அதை நடத்துவது கட்டடப் பொருளியல் துறை. இந்தியாவில் இதே வேலையைச் செய்பவர்களில் பெரும்பாலோர் சிவில் எஞ்சினியரிங் படித்துவிட்டு வந்தவர்கள், வேலையிடத்தில் அவர்களுக்கு பில்லிங் எஞ்சினியர், எஸ்டிமேஷன் எஞ்சினியர் என்று பெயர். வட அமெரிக்காவில் காஸ்ட் எஞ்சினியரிங் என்பார்கள், அதற்கென்று 1956இலேயே அங்கே சங்கம் தொடங்கிவிட்டது. வேறு இடங்களில் கமர்ஷியல் மேனேஜ்மென்ட், கன்ஸ்ட்ரக்‌ஷன் எகனாமிக்ஸ். "குவாண்டிட்டி சர்வேயிங் இளங்கலைப் பட்டம் படிப்பவருக்கு மட்டும்" என்று எழுதினால், சில நாடுகளில் தகுதியுள்ள ஒரு விண்ணப்பம்கூட வராது. "கட்டுமானப் பணிகளின் அளவு, செலவு, ஒப்பந்த மேலாண்மை ஆகியவற்றுக்கான கல்வியும் தொழிற்பயிற்சியும்" என்று வேலையைச் சொல்லி எழுதுங்கள். படிப்பின் பெயர் மாறினாலும் வேலை மாறாது.

வேலை மாறாது என்று துணிந்து சொல்வதற்குக் காரணம் உண்டு. லண்டனில் சர்வேயர்கள் 1868இல் சங்கம் அமைத்தார்கள். கியூ.எஸ். செய்பவர்கள் 1904இல் தங்களுக்கென்று தனிச் சங்கம் தொடங்கி, 1922இல் பெரிய சங்கத்தோடு இணைந்தார்கள். அதே 1922இல்தான் கட்டட வேலைகளை எப்படி அளப்பது என்ற பொது விதிநூலின் முதல் பதிப்பு வந்தது. அதன் ஏழாம் பதிப்பு 1988இல் வந்து 2013வரை நின்றது, பிறகு என்ஆர்எம் என்ற புதிய அளவீட்டு விதிகள் அந்த இடத்தைப் பிடித்தன. இந்தியாவில் ஐஎஸ் 1200, இலங்கையில் எஸ்எல்எஸ் 573 என்று அந்தந்த நாட்டுக்கு விதிகள் இருக்கின்றன. கையால் தாளில் எழுதியது போய் திரையில் அளப்பது வந்துவிட்டது. ஆனால் வரைபடத்தைப் படித்து, எது எவ்வளவு என்று எடுத்து, யாரும் சண்டை போட முடியாதபடி வார்த்தையில் எழுதும் அடிப்படை அப்படியேதான் இருக்கிறது.

தேர்வு முறையிலும் இதைத்தான் பார்க்க வேண்டும். மதிப்பெண் பட்டியல் ஓரளவு சொல்லும். "என் வாழ்க்கை லட்சியம்" என்ற கட்டுரை ஒன்றும் சொல்லாது, இப்போது அதை எழுதிக் கொடுக்க இயந்திரமே இருக்கிறது. அதற்குப் பதில் நேர்காணலுக்கு வரும் மாணவர் கையில் ஒரு சின்ன வரைபடத்தைக் கொடுங்கள், அரை மணி நேரம் விடுங்கள்.

எப்படி என்று காட்டுகிறேன். ஒரே அறை கொண்ட கட்டடம். சுவரின் வெளி அளவு 10 மீட்டருக்கு 6 மீட்டர், சுவர்த் தடிமன் 0.3 மீட்டர். அதன் அடியில் 0.9 மீட்டர் அகலத்தில், 1.2 மீட்டர் ஆழத்தில் அஸ்திவாரக் குழி. தோண்டும் மண் எத்தனை கன மீட்டர்? வெளிச் சுற்றளவு 32 மீட்டரை அப்படியே எடுத்துப் பெருக்குபவருக்கு 34.56 வரும். நான்கு மூலைகளுக்காகத் தலா 0.3 வீதம் 1.2 மீட்டரைக் கழித்து, சுவரின் நடுக்கோட்டு நீளம் 30.8 மீட்டர் என்று எடுப்பவருக்கு 33.26 வரும். இரண்டாவதுதான் சரி, முறையாகப் படித்த மாணவர்கள் பலரும் அதைப் போட்டுவிடுவார்கள்.

நான் பார்ப்பது அதற்கு அடுத்த விஷயத்தை. அந்த 1.2 மீட்டர் ஆழம் எந்த மட்டத்திலிருந்து என்று வரைபடத்தில் வேண்டுமென்றே போடாமல் விட்டுவிட வேண்டும். மேல்மண்ணை 150 மில்லிமீட்டர் சீவிய பிறகு குழி தோண்டுவதாக இருந்து, 1.2 என்பது சீவுவதற்கு முன்னிருந்த தரைமட்டத்திலிருந்து என்றால், குழியின் ஆழம் 1.05தான். அப்போது விடை 29.11. மேல்மண் தனி உருப்படியாகப் போய்விடும். மூலையில் விட்ட பிழை 1.3 கன மீட்டர், மட்டத்தைக் கேட்காமல் விட்டதில் வருவது 4 கன மீட்டருக்கு மேல். ஆக, விடைத்தாளின் ஓரத்தில் "ஆழம் எந்த மட்டத்திலிருந்து? தரைமட்டத்திலிருந்து என்று கொண்டிருக்கிறேன்" என்று ஒரு வரி எழுதிவைக்கும் மாணவரைத் தேடுங்கள். அளவெடுக்கும்போது கட்டடக்கலைஞரிடம் கேட்க வேண்டியதைத் தனித் தாளில் குறித்துக்கொண்டே போவது இந்தத் தொழிலின் நல்ல பழக்கங்களில் முதலானது. சந்தேகத்தை மறைக்காமல் எழுதி வைப்பவர், கணக்கில் கொஞ்சம் தடுமாறினாலும் பரவாயில்லை, நல்ல கியூ.எஸ். ஆவார். கணக்கு வேகமாக வந்து, தெரியாததைத் தானாக அனுமானித்துக்கொண்டு போகிறவர்தான் பின்னாளில், வேலை முடிந்து போடும் கடைசிக் கணக்கில் வழக்கைக் கொண்டுவருவார்.

வசதியில்லாதவர் என்பதை உறுதி செய்ய வருமானச் சான்று போதும். குழுவின் முன்னால் நிறுத்தி அப்பா என்ன செய்கிறார், வீடு ஓட்டு வீடா என்று கேட்பதை நான் எப்போதும் எதிர்த்திருக்கிறேன். பொருளாதார நிலையைக் காகிதத்தில் ஒருவர் சரிபார்க்கட்டும், நேர்காணலில் வேலையைப் பற்றி மட்டும் பேசுங்கள். மேடையில் நிறுத்திப் படம் எடுப்பதும் கட்டாயமாக இருக்கக் கூடாது. விரும்புகிறவர் வரட்டும்.

பகலில் தளத்தில் வேலை பார்த்துவிட்டு மாலையில் படிப்பவர்களைத் தயவுசெய்து விலக்காதீர்கள். பல நாடுகளில் இந்தத் தொழிலுக்கு வருபவர்களில் கணிசமானோர் அப்படித்தான் வருகிறார்கள். பெரும்பாலான உதவித்தொகைகள் "முழுநேர மாணவர்" என்ற ஒற்றைச் சொல்லால் அவர்களை வெளியே தள்ளிவிடுகின்றன. "சம்பளம் வாங்குகிறாரே" என்பார்கள். அந்தச் சம்பளத்தில் ஒரு குடும்பம் ஓடுகிறது. தளத்தில் மூன்று வருஷம் அளவுப் புத்தகம் எழுதிய பையனுக்கு ஒப்பந்தச் சட்டமும் கட்டடப் பொருளியலும் சேர்ந்தால் எப்படிப்பட்ட ஆள் கிடைப்பார் என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அதே போல, பெண்களுக்குத் தளப் பயிற்சி என்று வரும்போது பாதுகாப்பான தங்குமிடமும் போக்குவரத்தும் கூடுதல் செலவு. அந்தக் காரணத்துக்காகவே வீட்டுக்குப் பக்கத்தில் கிடைத்த சின்ன வேலையை எடுத்துக்கொண்டு, பெரிய திட்டத்தில் கிடைத்த பயிற்சியை விட்டவர்கள் இருக்கிறார்கள். பயிற்சிக்காலப் படியை எல்லோருக்கும் ஒரே தொகையாக வைக்காமல், தங்கும் செலவைப் பார்த்து வைக்க இடம் கொடுங்கள்.

பணம் கொடுக்கும் முறையில் ஒன்றைப் பிடிவாதமாகச் சொல்வேன்: கட்டணக் கடைசித் தேதிக்கு முன்னால் பணம் போய்ச் சேர வேண்டும். தேதி தாண்டி வரும் உதவித்தொகையை நம்பிய பிள்ளை, அதற்குள் வட்டிக்கு வாங்கியிருப்பார். கல்விக் கட்டணத்தை நிறுவனத்துக்கே நேராகக் கட்டிவிடுங்கள், வாழ்க்கைச் செலவை மாதாமாதம் மாணவர் கணக்கில் போடுங்கள். அடுத்த வருஷத்துக்குத் தொடர, தேர்ச்சி போதும். முதல் வகுப்பு வேண்டும், தரவரிசை வேண்டும் என்று வைத்தால், ஒரு தாளில் தவறிய பிள்ளை, உதவி மிகவும் தேவைப்படும் நேரத்தில் அதை இழப்பார். ஒரு தடவை தவறினால் பேசுங்கள், இரண்டாவது தடவை தவறினால் இடைநிறுத்தம் பற்றி யோசியுங்கள்.

கட்டுமான நிறுவனங்கள் நன்கொடை தர முன்வருவார்கள், வாங்கிக்கொள்ளலாம். ஆனால் "படித்து முடித்ததும் எங்கள் நிறுவனத்தில் இத்தனை வருஷம் வேலை பார்க்க வேண்டும்" என்ற ஒப்பந்தத்தை உள்ளே விடாதீர்கள். கியூ.எஸ். என்பவர் வேலை கொடுப்பவர் பக்கமும் இருக்கலாம், ஒப்பந்தக்காரர் பக்கமும் இருக்கலாம். எந்தப் பக்கம் இருந்தாலும் அவர் போடும் அளவு நேர்மையாக இருக்க வேண்டும். இருபது வயதிலேயே ஒரு நிறுவனத்துக்குக் கடன்பட்டவராக அவரைத் தொழிலுக்குள் அனுப்பக் கூடாது. நன்கொடை தரும் நிறுவனத்தாரும், அறங்காவலரின் உறவினர் படிக்கும் வருஷத்தில் அந்த அறங்காவலரும், தேர்வுக் குழுவில் உட்காரக் கூடாது என்பதையும் எழுதிவையுங்கள். தேர்வுக் குழுவுக்கு மூன்று பேர் போதும்: குடும்பத்திலிருந்து ஒருவர், தொழிலில் இருப்பவர் ஒருவர், மாணவர் படிக்காத வேறொரு நிறுவனத்தின் ஆசிரியர் ஒருவர்.

பணத்துக்கு இணையாக இன்னொன்றை உங்களால் கொடுக்க முடியும். அவரோடு வேலை பார்த்த நண்பர்கள் இருக்கிறார்கள் அல்லவா, அவர்கள் ஒவ்வொருவரும் ஒரு மாணவரை எடுத்துக்கொள்ளட்டும். மாதம் ஒரு தடவை ஒரு மணி நேரம் பேசினால் போதும். இடைக்காலப் பணச் சான்று எப்படிப் போடுவது, மாற்றம் வந்தால் புதிய விலையை எதிலிருந்து கட்டுவது, ஃபிடிக் என்ற சர்வதேசக் கட்டுமான ஒப்பந்தப் படிவத்தில் எந்த நாளுக்குள் அறிவிப்புக் கொடுக்காவிட்டால் உரிமை போய்விடும், இவையெல்லாம் வகுப்பில் கேட்டதைவிட அனுபவப்பட்டவர் வாயிலிருந்து கேட்கும்போதுதான் மனதில் நிற்கும். தகுதி நேர்காணலுக்கு முன்னால் ஒத்திகை நேர்காணல் நடத்திக் கொடுத்தால், வழிகாட்ட ஆளில்லாத பிள்ளைக்கு அது பெரிய துணை.

அவர் வைத்திருந்த புத்தகங்களையும் பழைய அளவுத் தாள்களையும் மாணவர்களுக்குக் கொடுக்க நினைப்பீர்கள். கொடுங்கள். மடங்கு, அளவு, பெருக்கிய தொகை, விவரிப்பு என்று நெடுக்குக் கோடு போட்ட தாளில் ஒரு தேர்ந்த கை எழுதியதைப் பார்த்தால், மென்பொருள் பின்னால் என்ன செய்கிறது என்று மாணவருக்குச் சட்டென்று புரியும். ஆனால் விலை போட்ட பட்டியல்களிலும் கடைசிக் கணக்குகளிலும் வாடிக்கையாளருடைய, ஒப்பந்தக்காரருடைய இரகசியங்கள் இருக்கும். அவை அவருடைய சொத்தாக இருக்காது. நிறுவனத்தைக் கேட்டு அனுமதி வாங்கிய பிறகு, பெயரையும் விலையையும் மறைத்துவிட்டுக் கொடுப்பதுதான் முறை. விலை இல்லாத அளவுத் தாளே கற்பிக்கப் போதுமானது.

முதல் வருஷத்துக்கு ஒரே ஒரு மாணவரை மட்டும் எடுங்கள். கல்வியாண்டு தொடங்க ஆறு மாதம் இருக்கும்போது துறைத் தலைவர்களுக்கும் மாலை வகுப்பு நடத்தும் இடங்களுக்கும் எழுதுங்கள். விண்ணப்பம் இரண்டு பக்கத்தைத் தாண்டாமல் இருக்கட்டும். அந்த மாணவர் பயிற்சிக்குப் போய்த் திரும்பும்வரை எந்தச் செலவு நீங்கள் நினைத்ததைவிடக் கூடியது, எது தேவைப்படவே இல்லை என்று அவரிடமே கேட்டுக் குறித்துக்கொண்டு, அதை வைத்து இரண்டாவது ஆளுக்கான தொகையை முடிவு செய்யுங்கள்.